மனைவியின் கடைவாய்ப் பல்லும் என் கல்யாணக் கோட்டும்

சுவிட்சர்லாந்தில் ஏழையாக இருப்பதில் உள்ள முதல் சிக்கல், அதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பதுதான். நானே நீண்ட காலம் நம்பவில்லை. குழாயைத் திறந்தால் மலைத் தண்ணீர் வருகிறது. பேருந்து சொன்ன நிமிடத்துக்கு வந்து நிற்கிறது. வெளியே பனி கொட்டும்போது உள்ளே பெனியனோடு உட்கார்ந்திருக்கலாம். பெனியனோடு, கதகதப்பாக, மலைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் ஒருவன் தன்னை ஏழை என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஓல்டனுக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குவது என் வேலை. நிரந்தர வேலை அல்ல, கூப்பிட்டால் போகவேண்டும். ஒருமுறை என் முதுகு பிடித்துக்கொண்டு மூன்று வாரம் படுத்தேன். அதற்குப் பிறகு கூப்பிடுகிறவர்களுக்கு என் தொலைபேசி எண் அடிக்கடி மறந்துபோனது. மனைவிக்கு முதியோர் இல்லத்தில் அரைநாள் துப்புரவு வேலை. இரண்டு சம்பளமும் சேர்ந்தால் மாதத்தின் இருபத்திரண்டாம் தேதி வரை தாக்குப்பிடிக்கும். மிச்ச நாட்களில் நாங்கள் இருவரும் பருப்பு நிபுணர்கள்.

இந்த நாட்டு ஏழைக்குக் கிழிந்த சட்டை அடையாளமில்லை. அவனுக்கு அடையாளம் நோய். வேலைத்தோழர்கள் கோப்பி குடிக்கக் கூப்பிட்டால், "எனக்குக் கோப்பி ஒத்துக்கொள்ளாது" என்பேன். வீட்டில் நாளுக்கு நாலு கோப்பி குடிக்கிறவன் நான். பாலாடைக்கட்டி உருக்கிச் சாப்பிடப் போகலாம் என்றால் எனக்குப் பால் அலர்ஜி. பனிச்சறுக்குக்குக் கூப்பிட்டால் முழங்கால். கோடையில் ஏரிப் படகுக்குக் கூப்பிட்டால் தலைசுற்று. என் சக தொழிலாளிகள் யாராவது என் நோய்களைக் குறித்து வைத்திருந்தால், நான் இருபது வருடங்களுக்கு முன்பே செத்திருக்கவேண்டும்.

இப்படிப் பொய் நோய்களோடு சந்தோஷமாக வாழ்ந்துகொண்டிருந்த வீட்டுக்குள் ஒரு மெய்யான நோய் வந்து சேர்ந்தது. மனைவியின் இடப்பக்கக் கடைவாய்ப் பல்.

முதலில் கராம்பு வைத்தாள். பிறகு உப்புத் தண்ணீர். பிறகு வலி மாத்திரை. கன்னம் ஒரு பக்கம் வீங்கியதும் பல் மருத்துவரிடம் போனோம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, வேர்ச் சிகிச்சை செய்து மேலே ஒரு தொப்பி போட்டால் பல்லைக் காப்பாற்றலாம் என்றார். செலவு மதிப்பீட்டை ஒரு தாளில் அச்சடித்துத் தந்தார். அடியிலிருந்த தொகையைப் பார்த்துவிட்டு, "இது ஒரு பல்லுக்கோ, முழு வாய்க்குமோ?" என்று மனைவியிடம் தமிழில் கேட்டேன்.

"வாயை மூடுங்கோ," என்றாள். என்னால் மூட முடிந்தது. அவளால்தான் முடியவில்லை.

இங்கே மருத்துவக் காப்புறுதி எல்லோருக்கும் கட்டாயம். உச்சி முதல் உள்ளங்கால் வரை பொறுப்பெடுப்பார்கள், பல்லுக்கு மட்டும் கிடையாது. பல் என்பது உடம்பின் பகுதி அல்ல, நாங்களாகவே பொழுதுபோக்குக்காக வாய்க்குள் வைத்திருக்கும் சொந்தச் சொத்து என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். மனைவியோ தினமும் காலையில் முதியோர் இல்லத்தில் கட்டிலுக்குக் கட்டில் போய், கண்ணாடிக் குவளைகளுக்குள் மிதக்கும் பல்செட்டுகளைக் கழுவி வைக்கிறவள். ஒவ்வொரு குவளைக்குள்ளும் எங்கள் இரண்டு மாதச் சம்பளம் சிரித்துக்கொண்டிருக்கும். இவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அதைக் கழுவுவாள்.

ஒரே வழி ஊராட்சி அலுவலகத்தின், எங்கள் பேச்சில் கந்தோரின், சமூக உதவிப் பிரிவு. எங்கள் ஆட்கள் சுருக்கமாக "சோசியல்" என்பார்கள். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அங்கே போகத்தான் எனக்குப் பயம்.

பயத்துக்குக் காரணம், நான் மரக்கறி வாங்கும் தமிழ்க் கடையில் எந்நேரமும் நிற்கும் ஒரு அண்ணை. அவர் கடைக்காரரும் அல்ல, வாடிக்கையாளரும் அல்ல. நிற்பவர். இந்த நாட்டின் சட்டங்கள் எல்லாம் அவருக்குத் தெரியும்.

"சோசியலுக்குப் போனாயோ, முடிஞ்சுது உன்ரை கதை," என்றார். "முதல்ல நிரந்தரமா இருக்கிற சி விசாவைப் பறிச்சுப்போட்டு, வருசா வருசம் புதுப்பிக்கிற பி தருவினம். பிறகு அதையும் பறிப்பினம்."

"ஒரு பல்லுக்கும் ஊருக்குத் திருப்பி அனுப்புவினமோ அண்ணை?"

"பல்லிலைதான் தொடங்கும்."

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை. போர்க்காலத்தில் காடும் கடலும் கடந்து வந்தவன், முப்பது வருடம் பெட்டி அடுக்கியவன், கடைசியில் ஒரு கடைவாய்ப் பல்லால் நாடு கடத்தப்பட்டான் என்று ஊர் பேசும். விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் போலீஸ்காரர், மடியில் அந்தச் செலவு மதிப்பீட்டுத் தாள். கற்பனை என்று வந்துவிட்டால் நான் சிக்கனம் பார்ப்பதில்லை.

இதை மனைவியிடம் சொன்னேன். அவள் கன்னத்தில் ஐஸ் பையை வைத்தபடி கேட்டுவிட்டுச் சொன்னாள். "அனுப்பினா நல்லம். அங்க பல்லுப் பிடுங்கக் காசு குறைவு."

"பகிடி விடாதையும்."

"நான் மூண்டு கிழமையா ஒரு பக்கத்தாலை சப்புறன். நீங்கள் போறியளோ, இல்லை நான் இந்தக் கன்னத்தோட போய் நிக்கட்டோ?"

போகிறேன் என்றேன். தொலைபேசியில் நேரம் குறித்தார்கள், செவ்வாய்க்கிழமை பத்தரை மணி.

செவ்வாய்க்கிழமை காலை நான் செய்த காரியத்தை எங்கள் ஊர்க்காரர்கள் புரிந்துகொள்வார்கள். கந்தோருக்குப் போவதென்றால் எங்களுக்கு உடுப்பு முக்கியம். உத்தியோகத்தருக்கு முன்னால் கசங்கின சட்டையோடு போய் நின்றால் மதிக்கமாட்டார், மதிக்காவிட்டால் காரியம் நடக்காது. இது எங்கள் இரத்தத்தில் ஊறியது. ஆகவே மச்சானின் கல்யாணத்துக்குத் தைத்த கருநீலக் கோட்டை எடுத்துப் போட்டேன். கழுத்தில் ரை கட்டினேன். சப்பாத்தைத் துடைத்தேன். கையில் தோல் ஃபைல். கொஞ்சம் வாசனைச் சென்ற். என்னிடம் ஒன்றுமில்லை என்று நிரூபிப்பதற்காகப் போகிறேன் என்பது மட்டும் மூளைக்கு எட்டவில்லை.

"உதவி கேக்கப் போறியளோ, பொம்பிளை பாக்கப் போறியளோ?" என்றாள் மனைவி.

"மரியாதையாப் போகவேணும்."

"அப்ப அந்தச் சென்ரையாவது துடையுங்கோ."

பத்து மணிக்கே போய்விட்டேன். பயப்படுவதற்கு எனக்கு அரை மணி நேரமாவது வேண்டும். வரவேற்பில் ஆள் இல்லை. நான் சுவரிலிருந்த மலைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு கதவு திறந்தது. கண்ணாடி போட்ட இளம் பெண் அதிகாரி எட்டிப் பார்த்தார். என் கோட்டைப் பார்த்தார். ரையைப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"தமிழ் மொழிபெயர்ப்பாளர்தானே? நல்லவேளை வந்துவிட்டீர்கள். உள்ளே காத்திருக்கிறார்," என்று ஜெர்மனில் சொல்லிக் கையை நீட்டினார்.

அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை, அதனால் ஓமென்று தலையாட்டிவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அது பொய். நன்றாகவே விளங்கியது. ஆனால் இந்த நாட்டுக் கந்தோர் ஒன்றில் ஒருவர் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தது அதுவே முதல் தடவை. அந்த முகத்தை உடனே வாடவைக்க எனக்கு மனம் வரவில்லை. கையைக் குலுக்கினேன். உள்ளே போனேன்.

அறையில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு தமிழர் இருந்தார். மடியில் கம்பளித் தொப்பி. என்னைக் கண்டதும் பாதி எழும்பி, "வணக்கம் ஐயா" என்றார். உணவகம் ஒன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவினவராம், உணவகத்தை மூடிவிட்டார்களாம். தனி ஆள். இவ்வளவும் அதிகாரி எனக்குச் சொன்னது. அதோடு ஒன்றும் சேர்த்துச் சொன்னார்.

"வழக்கம்போல, அவர் சொல்வதை 'நான்' என்றே சொல்லுங்கள்."

அந்த வழக்கம் எனக்குத் தெரியும். இங்கே வந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடங்களுக்கு முன்பு என் அகதி விசாரணையில், கோட்டும் ரையும் போட்ட ஒரு மொழிபெயர்ப்பாளர் எனக்குப் பக்கத்தில் இருந்து "நான் ஓடினேன், நான் ஒளிந்தேன்" என்று என் கதையைச் சொன்னார். என்னைவிட உருக்கமாகச் சொன்னார். அவருக்கே விசா கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

அதிகாரி முதல் கேள்வியைக் கேட்டார். வீட்டில் போதிய சாப்பாடு இருக்கிறதா? நான் தமிழில் கேட்டேன்.

"ஓம், எல்லாம் இருக்கு," என்றார் பெரியவர்.

"நான் எல்லாம் வைத்திருக்கிறேன்," என்று ஜெர்மனில் சொன்னேன்.

குளிர்கால உடுப்பு? இருக்கு. வேறு ஏதாவது கஷ்டம்? ஒரு குறையும் இல்லை. அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். "அப்படியானால் இவர் ஏன் வந்திருக்கிறார்?"

நான் பெரியவர் பக்கம் திரும்பினேன். "அண்ணை, ஒரு குறையுமில்லை எண்டா ஏன் வந்தனீங்கள்?"

"இருக்கிற குறையெல்லாத்தையும் முன்னப்பின்னத் தெரியாத ஒரு பிள்ளைக்கு முன்னால கொட்டேலுமோ தம்பி? நீங்கள் படிச்ச ஆள், பாத்து விளங்கப்படுத்துங்கோ."

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"தேத்தண்ணி."

"நேற்று மத்தியானம்?"

கொஞ்ச நேரம் தொப்பியைத் தடவினார். "பாண்."

"என்னத்தோட?"

"தேத்தண்ணியோட."

நான் அதிகாரியைப் பார்த்தேன். பண்டகசாலை ஜெர்மன்தான் எனக்குத் தெரிந்தது. தூக்கு, இறக்கு, இடப்பக்கம், இடைவேளை. ஆனால் அன்றைக்கு வாயைத் திறந்தபோது எங்கிருந்தோ வசனம் வசனமாக வந்தது.

"நான் காலையில் தேநீர் மட்டும் குடிக்கிறேன்," என்றேன். "மத்தியானம் பாண், வெறும் ரொட்டித் துண்டு. மாலை ஆறரைக்குக் கடைக்குப் போகிறேன். பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுகிற பெண்ணுக்குப் பின்னால், ஏதோ தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவன்போல் நடக்கிறேன். அவளுக்கும் தெரியும். என்னைக் கண்டால் கோழிக்கு முதலில் ஒட்டுவாள். வெள்ளிக்கிழமைகளில் தபால்பெட்டியைத் திறப்பதில்லை. திறந்தால் சனி, ஞாயிறு கெட்டுப்போகும். யாராவது வீட்டுக்கு வருகிறேன் என்றால் நாங்கள் ஊரில் இல்லை என்கிறேன். விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருக்கிறேன்."

அதிகாரி வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். பெரியவருக்கு ஜெர்மன் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும், "நல்லாச் சொல்லுறீங்கள் தம்பி," என்று தலையாட்டினார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"என் மனைவி மூன்று வாரமாக ஒரு பக்கத்தால் மட்டும் சாப்பிடுகிறாள்," என்றேன்.

பேனை நின்றது. அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "மனைவியா? இவர் திருமணமாகாதவர் என்றல்லவா இருக்கிறது?"

"என்ன கேக்கிறா?" என்றார் பெரியவர்.

"உங்களுக்கு மனிசி இருக்கோ எண்டு."

"எனக்கோ?" அவர் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன், ஆரையும் பாத்து வைச்சிருக்கினமோ?"

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ஜீன்ஸும் முதுகுப் பையுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு தமிழ்ப் பெண் நின்றாள். இங்கே பிறந்து வளர்ந்தவள் என்பது அவளுடைய ஜெர்மனிலேயே தெரிந்தது. ஓல்டனில் ரயில் நின்றுவிட்டதாகவும், தான்தான் மொழிபெயர்ப்பாளர் என்றும், மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னாள்.

அதிகாரி அவளைப் பார்த்தார். என் ரையைப் பார்த்தார். "அப்படியென்றால் நீங்கள் யார்?"

"பத்தரை மணிக்கு வரச்சொன்ன ஆள்," என்றேன். நான் யார் என்பதைப் பற்றி அந்த அறைக்குள் சொன்ன முதல் உண்மை.

அவருடைய முகம் வெள்ளையாகிவிட்டது. ஒருவருடைய அந்தரங்க விபரங்களை இன்னொருவருக்கு முன்னால் பேசிவிட்டாரே! "தரவுப் பாதுகாப்பு" என்று மூன்று தடவை சொன்னார், கடைசித் தடவை ஏறக்குறைய அழுகையோடு. என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி ஒருவரை இந்த நாட்டில் அன்றுதான் கண்டேன். அந்த ஆறுதல் ஒரு நொடிதான் நீடித்தது. அடுத்த நொடி விசா, விமானம், போலீஸ்காரர், எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அரச கந்தோரில் ஆள் மாறாட்டம். இதற்குப் பல் பரவாயில்லை.

அதிகாரி கேட்கச் சொன்னதை அந்தப் பெண் பெரியவரிடம் கேட்டாள். "ஐயா, இந்த அங்கிள் உங்கட கதையைக் கேட்டதாலை உங்களுக்கு ஏதும் பிரச்சினையோ?"

"என்ரை கதையோ?" என்றார் பெரியவர். "நான் தேத்தண்ணி எண்டு மட்டும்தான் பிள்ளை சொன்னனான். இவர்தான் நிப்பாட்டாமல் கதைச்சுக்கொண்டிருக்கிறார்."

அவள் அதை அப்படியே ஜெர்மனில் சொன்னாள். அதிகாரி சிரிக்கக்கூடாது என்று முயன்று தோற்றார். பிறகு தான் எழுதின தாளை என் பக்கம் திருப்பினார்.

"இதில் எது அவருடையது, எது உங்களுடையது?"

கோட்டுக்குள் வேர்த்தது. "தேநீர் அவருடையது," என்றேன். "மிச்சமெல்லாம் என்னுடையது."

அந்தப் பெண் இதைத் தமிழில் சொன்னாள். "பாணும் என்ரைதான்," என்றார் பெரியவர். விட்டுக்கொடுக்கவில்லை.

என்னை வெளியே இருத்திவிட்டு, பெரியவரின் மிச்சக் கதையை அந்தப் பெண் மூலம் கேட்டார்கள். பத்தரைக்கு, சொன்ன நேரத்துக்கு, என்னைக் கூப்பிட்டார்கள். கேள்விகள் அதிகம் இல்லை. பதில்களைத்தான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே. அதிகாரி புதிய தாளில் என் பெயரை எழுதிக்கொண்டார். ஒரு பல்லுக்காக யாரும் விசாவைப் பறிக்கமாட்டார்கள் என்றார். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். சமூக உதவியாகவே பதியாமல் ஒரு தர்ம நிதியத்திடம் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார். நான் எழும்பி நன்றி சொல்ல ஆயத்தமானபோது, ஒரு விஷயம் இருக்கிறது என்றார்.

எளிமையான, போதுமான சிகிச்சைக்குத்தான் பணம் கிடைக்கும். வேர்ச் சிகிச்சை, தொப்பி எல்லாம் அதற்குள் வராது. பிடுங்குவது வரும்.

"அது காப்பாற்றக்கூடிய பல்," என்றேன்.

"தெரியும். முன்பல் என்றால் வாதாடிப் பார்க்கலாம். சிரிக்கும்போது தெரியும் அல்லவா? இது கடைவாய்." அவர் கெட்டவர் அல்ல. சொல்லும்போது தன் மேசையைத்தான் பார்த்தார்.

ரயில்பாதை ஓரமாக நடந்து வீட்டுக்கு வந்தேன். டிக்கெட்டை மிச்சம் பிடிக்க அல்ல, யோசிக்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த நாடு யாரையும் பட்டினியில் சாகவிடாது. குளிரில் விறைக்கவிடாது. வெளியே தெரியாத இடத்தில் மட்டும், பின்வரிசையில், ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளும். அதையும் மரப்பு ஊசி போட்டுத்தான் செய்யும். குறை சொல்ல இடமில்லை, அதுதான் எரிச்சல்.

மனைவி கதவைத் திறந்தாள். முழுவதையும் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்த பகுதியில் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நோவில் கத்தினாள், மறுபடி சிரித்தாள். பிடுங்குகிற பகுதியில் சிரிப்பு நின்றது.

"காப்பாத்தேலாதாமோ?"

"ஏலும். காசிருந்தா."

நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்திருக்கவேண்டும், கன்னம் அசைந்தது. "சரி, பிடுங்கட்டும்," என்றாள். "நோ போனாக் காணும்."

அடுத்த கிழமை அனுமதி வந்தது. அதற்கடுத்த நாள் பல் மருத்துவரிடம் போனோம். அவர் மறுபடியும் எட்டிப் பார்த்துவிட்டு, உறுதியாகத்தானே கேட்கிறீர்கள் என்று கேட்டார். மனைவி வாயைத் திறந்தபடியே கையால் "ம், எடுங்கோ" என்று சைகை காட்டினாள். பல் இலேசில் வரவில்லை. அவர் வேர்த்தார், நான் வேர்த்தேன், அவள் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பல் வெளியே வந்ததும் மருத்துவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்ல வேர்," என்றார், செத்தவீட்டுக்கு வந்தவர்போல.

மனைவி அதைத் தன்னிடம் காட்டச் சொன்னாள். நெடுநேரம் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நான் கடதாசிக் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். அவளோ வாய்க்குள் பஞ்சோடு என்னைப் பார்த்து, விரல்களைக் கூட்டிப் பிசைந்து, வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள். இருபத்தைந்து வருடக் கல்யாணம், விளங்காமல் போகுமா?

"இவள் சம்பல் எப்போது சாப்பிடலாம் என்று கேட்கிறாள்," என்று மருத்துவரிடம் சொன்னேன். தேங்காய்ப்பூவையும் செத்தல் மிளகாயையும் சேர்த்து இடிப்பது என்றும் விளக்கினேன்.

அவர் திடுக்கிட்டார். "ஒரு வாரத்துக்குக் காரம் வேண்டாம்."

மனைவி இரண்டு விரலைக் காட்டினாள்.

"ஐந்து நாள்," என்றார் அவர்.

இரண்டு விரல்.

அந்த மனிதரிடம் இதுவரை யாரும் பேரம் பேசியிருக்கமாட்டார்கள். உதவிக்காக என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். "மூன்று," என்றார் கடைசியில். மனைவி தலையாட்டிவிட்டு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் மத்தியானமே இடியப்பமும் சம்பலும் வேண்டும் என்றாள். மருத்துவருக்குத் தெரிந்தால் என்னாகுமோ என்ற பயத்தில் நானே சம்பல் இடித்தேன். அவள் வலப்பக்கத்தால் மெதுவாகச் சப்பினாள். கொஞ்ச நேரத்தில் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"சரியான உறைப்பு," என்றாள்.

நான் ஒரே ஒரு மிளகாய்தான் போட்டிருந்தேன்.